ஷிரகாவா-கோவின் பழைய விவசாய வீட்டை உள்ளே போய்ப் பார்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: "ஜப்பானில் தகயாமா வரை போகிறோம். அங்கிருந்து ஷிரகாவா-கோ போய்ப் புல்வேய்ந்த பழைய வீடு ஒன்றை உள்ளே பார்க்க வேண்டும். அரை நாள் போதுமா? எந்த வீடு? உள்ளே எதைக் கவனிப்பது? பெற்றோரும் வருகிறார்கள், சைவம். சமாளிக்க முடியுமா?"

முடியும். ஆனால் பெரும்பாலோர் செய்வதை நீங்கள் செய்யாதீர்கள். பேருந்தில் இறங்கி, மேட்டிலுள்ள காட்சிமுனைக்கு ஏறி, கூரைகளைப் படமெடுத்து, கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றி, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கூரை ஏன் அவ்வளவு செங்குத்தாக நிற்கிறது, எது அதைத் தாங்குகிறது, அதன் கீழே மக்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள் என்பதெல்லாம் வீட்டுக்குள் போனால்தான் தெரியும். நான்கு வீடுகளை அவசரமாகப் பார்ப்பதைவிட ஒரே வீட்டில் ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். தரையில் தொடங்கிப் பரண்வரை, கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில் இடம். ஷிரகாவா-கோ கிஃபு மாநிலத்தில், ஷோகாவா ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நீங்கள் படங்களில் பார்த்த ஊர் அதிலுள்ள ஒகிமாச்சி. ஆற்றின் போக்கில் வடக்கே, தொயாமா மாநில எல்லைக்குள் கோகயாமா. அங்கே ஐனோகுரா, சுகனுமா என்ற இரண்டு சிற்றூர்கள். இந்த மூன்று ஊர்களும் சேர்ந்து 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கூப்பிய கைகளைப் போல எழும் கூரையைக் கொண்ட இந்த வீட்டு வகைக்குக் கஷ்ஷோ என்று பெயர். இன்று இத்தனை வீடுகள் மிஞ்சியிருப்பதற்கு யுனெஸ்கோ காரணமல்ல. 1961-இல் கட்டிமுடிந்த மிபோரோ அணை மேல்பள்ளத்தாக்கின் ஊர்களை மூழ்கடித்தது. வேலை தேடி மக்கள் நகரங்களுக்குப் போனார்கள், வீடுகள் விற்கப்பட்டன. அந்த நிலையில் 1971-இல் ஒகிமாச்சிக்காரர்கள் கூடி, வீட்டையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த முடிவின் பலன். இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்திருக்கும் வாசல் எல்லாம் பார்வையாளர்களுக்கானது அல்ல. நுழைவுச்சீட்டு தரும் வீடுகளுக்குள் மட்டுமே போகலாம்.

அப்படி நுழையக்கூடிய வீடுகளில் என் முதல் தேர்வு வதா வீடு. ஒகிமாச்சியின் மிகப் பெரிய கஷ்ஷோ வீடு அது. 1995-இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. வதா குடும்பம் ஊர்த்தலைமை வகித்தது, வெடியுப்பு வாணிகமும் செய்தது. அதிகாரிகள் வந்தால் அவர்களுக்கென்றே தனி வாசல் இருந்தது. வீட்டின் ஒரு பகுதியில் குடும்பத்தார் இப்போதும் வசிக்கிறார்கள். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், ஆனால் முன்னறிவிப்பில்லாத விடுமுறைகளும் உண்டு. நடந்துபோகும் தூரத்திலேயே கன்தா வீடும் நகாசே வீடும் இருப்பதால் ஒன்று மூடியிருந்தால் மற்றொன்றைப் பார்க்கலாம். நகாசே வீடு மருத்துவம் பார்த்த குடும்பத்தினுடையது, பழைய மருத்துவக் கருவிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். கன்தா வீடு வதா குடும்பத்தின் கிளை. கட்டணம் சில நூறு யென்தான். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

வாசலில் மண்தரை. செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். நாடா கட்டும் காலணி போட்டுப் போனால் வீட்டுக்கு வீடு நாலுதரம் குனிந்து அவிழ்க்க வேண்டியிருக்கும். தடித்த காலுறை கட்டாயம் வேண்டும். பல ஆண்டு துடைத்துத் துடைத்து வழவழப்பான பலகைத்தரை மெல்லிய காலுறைக்கு வழுக்கும், குளிர்காலத்தில் பாதத்தை விறைக்கவைக்கும். கதவுச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் கால் வைக்காமல் தாண்டிப் போங்கள். தத்தாமி பாய்மேல் வீட்டுச் செருப்போடு ஏறக்கூடாது.

உள்ளே போனதும் நேராகக் கணப்பிடம் போங்கள். தரையில் சதுரமாகக் குழித்து, சாம்பல் நிரப்பி, நடுவே விறகு எரியும். அதன் பெயர் இரோரி. மேலிருந்து தொங்கும் கொக்கியில் கெட்டிலோ சட்டியோ மாட்டியிருக்கும். அதற்கும் மேலே ஒரு பெரிய மரத்தட்டி கிடைமட்டமாகத் தொங்குவதைப் பாருங்கள். நெருப்புப்பொறி கூரைப்புல்லை எட்டாமல் தடுப்பதும், சூட்டையும் புகையையும் பக்கவாட்டில் பரப்புவதும் அதன் வேலை. புகைபோக்கி என்று ஒன்று கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. புகை மேல்தளப் பலகைகளின் இடைவெளி வழியே ஏறி, பரணைக் கடந்து, புல்லுக்குள் ஊடுருவி வெளியேறுகிறது. அது போகும் வழியெல்லாம் புல்லை உலர்த்துகிறது, பூச்சியை அண்டவிடாமல் செய்கிறது, மரத்திலும் கயிற்றிலும் கருப்பாகப் படிந்து அவற்றைக் கெட்டிப்படுத்துகிறது. தூணும் உத்தரமும் கன்னங்கரேலென்று மின்னுவது வண்ணப்பூச்சால் அல்ல, தலைமுறை தலைமுறையாகப் படிந்த புகையால்.

கணப்பு அணைந்தால் கூரையின் ஆயுள் குறைந்துவிடும். அன்றாடம் விறகு எரிந்த காலத்தில் நாற்பது ஐம்பது ஆண்டு தாங்கிய புல், கணப்பு எரியாத வீட்டில் ஈரம் கோத்து இருபது முப்பது ஆண்டிலேயே மக்கத் தொடங்குகிறது. காட்சிக்குத் திறந்துள்ள வீடுகளில் கோடையிலும் நெருப்பு மூட்டுவது இதற்காகவும்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் உடுப்பில் புகைவாடை இருக்கும். கன்தா வீட்டில், கீழே எரியும் கணப்பைக் கண்காணிப்பதற்காகவே இடைத்தளத்தில் ஒரு சிறு சன்னல் வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் பாருங்கள். நெருப்பில்லாமல் கூரை நிற்காது, அதே நெருப்பு தவறினால் கூரையே போய்விடும் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

கீழ்த்தளத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது பூசையறை. இந்தப் பள்ளத்தாக்கில் ஜோதோ ஷின் பௌத்தம் ஆழ வேரூன்றியது. வீட்டின் மிக அழகான வேலைப்பாடு பெரும்பாலும் பொன்பூச்சு மின்னும் அந்தப் பீடத்தில்தான் இருக்கும். அது இன்றும் வழிபாட்டில் இருக்கும் பீடம். கால் நீட்டி உட்காராதீர்கள், பளீர் விளக்குடன் படமெடுக்காதீர்கள்.

கணப்பைச் சுற்றியுள்ள தரைப்பலகைக்கு அடியில் ஒரு காலத்தில் வெடியுப்பு விளைந்தது. அங்கே பெரிய குழி வெட்டி மண், பட்டுப்புழு எச்சம், மாசிபத்திரி இனத் தழை, மற்ற புல்பூண்டுகள் ஆகியவற்றை அடுக்கடுக்காக நிரப்பினார்கள். ஆண்டுதோறும் கிளறிவிட்டு, புதிதாகத் தழையும் எச்சமும் சேர்த்தார்கள். கணப்பின் வெதுவெதுப்பில், பனிக்காலத்திலும் உறையாமல், அது நான்கைந்து ஆண்டு நொதித்தது. பிறகு அந்த மண்ணைத் தோண்டியெடுத்துத் தண்ணீர் விட்டு வடித்து, அந்த நீரைச் சாம்பல் சேர்த்துக் காய்ச்சி உப்பைப் படியவைத்தார்கள். துப்பாக்கி மருந்தின் முக்கியப் பொருள் அதுதான். கோகயாமா இதைக் காகா சிற்றரசுக்கு வழங்கியது. வெளியார் எளிதில் எட்டமுடியாத பள்ளத்தாக்கு என்பது இரகசியம் காக்க வசதியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான வெளிநாட்டு வெடியுப்பு வந்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. நெல்லுக்குப் போதிய வயல் இல்லாத மலையூரில் இவ்வளவு பெரிய வீடுகள் எழுந்தது எப்படி என்ற கேள்விக்கு விடையின் ஒரு பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. மறுபாதி பரணில் இருக்கிறது.

பரணுக்குப் போகும் படி செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாக இறங்குங்கள். முதுகுப்பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். உத்தரங்கள் தாழ்வாக ஓடுவதால் தலையில் இடிபடாமல் ஒருவராவது திரும்புவது அரிது. முட்டிவலி உள்ள பெற்றோர் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளட்டும். கணப்பருகே உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு நல்ல அனுபவம்.

மேலே போனால் இரண்டு, மூன்று, சில வீடுகளில் நான்கு அடுக்குப் பரண். இவை பட்டுப்புழு வளர்த்த தளங்கள். தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பது கீழிருந்து சூடு ஏறுவதற்காக. இருபுற முக்கோணச் சுவரிலும் காகிதச் சன்னல்கள் உண்டு, வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியே வரும். புழு வளர்க்கச் சூடு, காற்று, விரிந்த இடம் மூன்றும் வேண்டும். செங்குத்துக் கூரை மூன்றையும் கொடுத்தது. பனி சரிந்து விழுவதற்காக மட்டுமே இந்தக் கூரை என்று பல வழிகாட்டிகள் சொல்வது பாதி உண்மைதான். முசுக்கொட்டைத் தழை தின்னும் புழுக்களுக்கு அடுக்கடுக்காக இடம் தேவைப்பட்டதும் கூரை உயர்ந்ததற்குப் பெரிய காரணம்.

இங்கே நின்று கட்டுமானத்தைப் பாருங்கள். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பேன். கூரைச் சட்டகத்தில் ஓர் ஆணி கிடையாது. பெரிய கைமரங்கள் இரண்டிரண்டாக முகட்டில் சேர்கின்றன. குறுக்குச் சட்டங்களை அவற்றோடு பிணைத்திருப்பது வைக்கோல் கயிறும் நேசோ எனப்படும் இளமரக் கொம்புகளும்தான். மான்சாகு என்ற மலைமரத்தின் மெல்லிய தண்டைப் பச்சையாக இருக்கும்போதே நசுக்கி முறுக்கிக் கட்டுகிறார்கள். காயக்காய அது இறுகும். இரும்பு என்றால் துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும், இது அசைவுக்கு இடங்கொடுத்துக்கொண்டே பிடியை விடாது.

கைமரத்தின் அடிமுனையைத் தேடுங்கள். அதைப் பென்சில் முனைபோலச் சீவி, கீழ் உத்தரத்தில் குடைந்த பள்ளத்தில் சும்மா நிறுத்தியிருப்பார்கள், இறுக்கிப் பூட்டியிருக்க மாட்டார்கள். காற்று மோதும்போதும் ஒருபக்கம் மட்டும் பனி கனக்கும்போதும் கூரை அந்த முனையில் சற்றே அசைந்துகொடுத்து, விசையைத் தூண்களுக்கு முழுசாகக் கடத்தாமல் தணிக்கிறது. கீழ்வீடு இதற்கு நேர்மாறானது, நுணுக்கமாக இழைத்த பொருத்துகளால் விறைப்பாக நிற்கும். அதைக் கட்டியவர்கள் தேர்ந்த தச்சர்கள், மேற்கூரையைக் கட்டியவர்கள் ஊர்மக்கள். வேலை பிரிந்த அந்த எல்லையைக் கண்ணாலேயே காணலாம். கீழே வழுவழுப்பும் கூர்மையும், மேலே பட்டை மட்டும் உரித்த மரமும் கயிறும்.

சில வீடுகளில் அடிப்பக்கம் வளைந்த உத்தரங்களைப் பார்ப்பீர்கள். மலைச்சரிவில் முளைத்த மரம் இளமையில் பனியின் பாரத்தால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்ததால் வந்த வளைவு அது. அந்த வளைவை வெட்டி எறியாமல், சுமை தாங்கும் இடமறிந்து பொருத்தியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் கூரையை இப்போது பாருங்கள். சாய்வு ஏறத்தாழ 60 பாகை. புல்லின் தடிமன் 60 சென்டிமீட்டருக்கும் மேல். வீடுகள் எல்லாம் ஒரே திசையில், முக்கோண முகத்தை வடக்கு தெற்காக வைத்து நிற்கும். பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடுவதால் காற்றும் அப்படியே வீசும், குறுகலான முகம் அதை எதிர்கொள்கிறது. கூரையின் இரண்டு சரிவுகளும் கிழக்கையும் மேற்கையும் பார்ப்பதால் காலை வெயில் ஒன்றையும் மாலை வெயில் மற்றதையும் காயவைக்கிறது. ஒகிமாச்சியில் வாசல் நீளப்பக்கத்தில் இருக்கும். கோகயாமாவில் முக்கோண முகத்தின் பக்கமே வாசல்.

கூரை வேய்வது தனி வீட்டுக்காரரால் ஆகிற வேலை இல்லை. ஊரே கூடிச் செய்யும் கைமாற்று உழைப்புக்கு யுய் என்று பெயர். யார் எந்த வீட்டுக்கு எத்தனை ஆள் அனுப்பினார், எவ்வளவு கயிறும் புல்லும் கொடுத்தார் என்று கணக்கு வைத்து, தன் முறை வரும்போது அதே அளவில் திருப்பிப் பெறுவார்கள். ஒரு சரிவை வேய நூறு இருநூறு பேர் வேண்டும். பழைய புல்லை அகற்றுவதும் புதியதை அடுக்குவதும் மழைக்கு முன்னே முடிய வேண்டும் என்பதால் இவ்வளவு ஆள். மேலே நிற்பவர் பெரிய ஊசியில் கயிற்றைக் கோத்துப் புல்லுக்குள் குத்த, உள்ளே நிற்பவர் அதைச் சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். 2001-இல் நகாசே வீட்டின் கூரையை ஊரும் வெளியூர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து இந்த முறையில்தான் மாற்றினார்கள். இப்போது ஒரு கூரைக்குச் செலவு ஒரு கோடி யென்னைத் தாண்டுகிறது. பெரும்பகுதி அரசு மானியம். ஆள் பற்றாததால் பல வீடுகளில் தொழில்முறைக் குழுக்கள் வேலை செய்கின்றன. நீங்கள் கொடுக்கும் நுழைவுக்கட்டணமும் இதற்குத்தான் போகிறது. அதனால் அந்தச் சில நூறு யென்னை மிச்சம்பிடித்து வெளியிலிருந்தே படமெடுத்துத் திரும்புவோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நெருப்பு பற்றி ஊர் எடுக்கும் எச்சரிக்கையை மதியுங்கள். குறித்த இடம் தவிர எங்கும் புகைபிடிக்கக்கூடாது, பட்டாசு கூடாது, டிரோன் கூடாது. ஊர் முழுக்க நீர்ப்பீரங்கிகள் நிறுவியிருக்கிறார்கள். இலையுதிர்காலத்தின் இறுதியில் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து ஒத்திகை பார்ப்பார்கள். குப்பைத்தொட்டி தேடாதீர்கள், கிடையாது. குப்பையைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துப்போக வேண்டும்.

இனிப் பயணம். தகயாமாவிலிருந்து பேருந்தில் 50 நிமிடம், கனசாவாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். சில பேருந்துகளில் முன்பதிவு கட்டாயம், சிலவற்றில் வரிசையில் நிற்பவருக்கே இடம். இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் திரும்பும் பேருந்து நிரம்பிப்போய், கடைசி வண்டியையும் விட்டுவிட்டுத் தவிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஆகவே போகும் சீட்டோடு திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்குங்கள். பெரிய பெட்டிகளைத் தகயாமாவிலேயே விட்டுவிடுங்கள். ஒகிமாச்சியில் பெட்டகங்கள் கொஞ்சம்தான், காலையிலேயே நிரம்பிவிடும். காரில் வந்தால் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள செசெராகி நிறுத்தத்தில் விட்டு, தேஆய் தொங்குபாலத்தில் நடந்து வர வேண்டும். அக்கரையிலேயே, கைவிடப்பட்ட ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகளின் திறந்தவெளிக் காட்சியகம் இருக்கிறது. கூட்டம் குறைவு, நீரால் சுழலும் அரவை ஆலையையும் தொழுவத்தையும்கூடப் பார்க்கலாம். பனிக்காலத்தில் வியாழக்கிழமை விடுமுறை.

அரை நாள் போதுமா என்று கேட்டீர்கள். நான்கு மணி நேரம் கிடைத்தால் ஒரு வீடும் காட்சியகமும் காட்சிமுனையும் நிதானமாக முடியும். அதற்குக் குறைந்தால் காட்சிமுனையை விட்டுவிடுங்கள், வீட்டை விடாதீர்கள். காலை 9 மணிக்குள் ஊரில் இருப்பது நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் முன்பகலில் வந்து குவியும். உணவகங்கள் பிற்பகலிலேயே மூடத் தொடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் குறிப்பிட்ட சில இரவுகளில் நடக்கும் விளக்கொளிக் காட்சிக்கு முன்பதிவின்றி ஊருக்குள் நுழையவே முடியாது. பனிக்காலத்தில் எந்த நாளாக இருந்தாலும் இறவாரத்துக்கு நேர் கீழே நடக்காதீர்கள். கூரைப்பனி சத்தமில்லாமல் மொத்தமாகச் சரியும், ஆளைப் புதைத்துவிடும் அளவுக்குக் கனமானது. பிடிப்புள்ள நீர்புகாக் காலணி வேண்டும்.

உணவுதான் உங்களுக்கு உண்மையான சிக்கல். கறியும் மீனும் தட்டில் இல்லாவிட்டாலும் தாஷி என்னும் சாறு எதிலும் இருக்கும். நம்மூர் மாசிக்கருவாட்டின் இனத்தைச் சேர்ந்த, புகையூட்டிய சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்தது அது. மிசோ சாறு, நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், சில ஊறுகாய்கள் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீனை எடுத்துவிட்டுச் சாற்றை ஊற்றித் தருவார்கள். "கறி, மீன், மீன்சாறு மூன்றும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பௌத்த மடங்களின் சைவச் சமையலான ஷோஜின் பெயரைச் சொன்னால் சட்டென்று புரியும். தெருக்கடையில் சுட்ட கோஹேய் மோச்சி என்ற அரிசிப் பலகாரம், தொச்சி என்னும் மலைமரத்தின் கொட்டை மாவு சேர்த்த தொச்சி மோச்சி, கோகயாமாவின் கெட்டித் தோஃபு ஆகியவை கைகொடுக்கும், ஆனால் மேலே தடவும் சாறு என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பொட்டலம் கொண்டுபோவது பெரியவர்களுக்கு நிம்மதி.

கஷ்ஷோ வீட்டிலேயே இரவு தங்குவதானால் மாதக்கணக்கில் முன்னே பதிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டில் நான்கைந்து அறைகள்தான் இருக்கும். தடுப்பு என்பது நகரும் காகிதக் கதவு, அடுத்த அறையின் இருமல்கூடக் கேட்கும். குளியலறையும் கழிவறையும் பொது. படுக்கை தரையில். இரவு உணவு பெரும்பாலும் 6 மணிக்கு, எல்லோருக்கும் ஒரே சமையல், அதில் ஆற்றுமீன் நிச்சயம். சைவத்தைப் பதிவின்போதே சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். தரையிலிருந்து எழச் சிரமப்படும் பெற்றோர் என்றால் தகயாமாவில் கட்டில் உள்ள விடுதியில் தங்கி, பகலில் போய்த் திரும்புவதே சரி.

கூட்டம் பிடிக்காவிட்டால் தகாஓகாவிலிருந்து வரும் உலகப் பாரம்பரியப் பேருந்தில் கோகயாமா போங்கள். ஐனோகுராவுக்கு நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிடம் ஏற்றம். கோகயாமாவின் நிஷி-அகாஓவில் உள்ள இவாசே வீடு ஐந்தடுக்கு, கஷ்ஷோ வீடுகளிலேயே மிகப் பெரியது, கட்ட எட்டு ஆண்டு ஆனதாகச் சொல்கிறார்கள். பேருந்துகள் குறைவு என்பதால் அட்டவணையைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பெற்றோரால் மலைப்பேருந்தே முடியாது என்றால் தகயாமா ஊரோரத்தில் ஹிதா நோ சாதோ திறந்தவெளிக் காட்சியகம் இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்து வந்த கஷ்ஷோ வீட்டை அங்கே கணப்பு எரியும் நிலையிலேயே பார்க்கலாம். நிலையத்திலிருந்து பேருந்தில் பத்து நிமிடப் பயணம்.